கொசு வழி, தெள்ளு வழி, மனிதர் வழி

1950ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில முயல்களைப் பிடித்து, மிக்சோமா என்ற வைரஸை அவற்றின் உடலில் ஏற்றி, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டார்கள். செய்தது அந்த நாட்டின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஃபிரான்சிஸ் ராட்கிளிஃப். முயல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வதுதான் நோக்கம்.

அந்த நோக்கத்துக்குப் பின்னால் தொண்ணூறு வருட வரலாறு உண்டு. தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டையாடி மகிழ்வதற்காக 1859இல் இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து, விக்டோரியாவில் உள்ள தன் பார்வன் பார்க் பண்ணையில் விட்டார். வந்தவை இரண்டு டஜன் இருக்கும். இன்றைய ஆஸ்திரேலிய முயல்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு கப்பல் சரக்கின் வாரிசுகள்தான் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. வாரிசுகள் கண்டத்தையே மேய்ந்து மொட்டையாக்கின. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டது. வேலி முடிவதற்குள் முயல் அந்தப் பக்கம் போயிருந்தது. 1950 வாக்கில் அவற்றின் எண்ணிக்கை 60 கோடி என்று மதிப்பிட்டார்கள்.

மிக்சோமா தென் அமெரிக்காவைச் சேர்ந்த வைரஸ். அங்குள்ள காட்டு முயல்களின் தோலில் அது ஒரு சிறு கட்டியை உண்டாக்கும். முயல் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். ஐரோப்பிய முயல் அதற்குப் பழக்கமில்லாத உடல். 1896இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் தன் ஆய்வகத்து ஐரோப்பிய முயல்கள் கொத்தாக மடிந்தபோது, இத்தாலியரான கியூசெப்பே சனரெல்லி இந்த நோயை முதலில் விவரித்தார். இமைகள் வீங்கிச் சீழ் கட்டி மூடிக்கொள்கின்றன. காதடியும் பிறப்புறுப்பும் புடைக்கின்றன. கண் தெரியாமல், மூச்சு முட்டி, இரண்டு வாரத்துக்குள் முயல் சாகிறது. இதைப் பூச்சிக்கொல்லி மருந்தைப் போல ஒரு கருவியாகக் கருதிப் பேசுவது எனக்கு ஒருபோதும் இயல்பாக வருவதில்லை. நோயுற்ற முயலின் முகத்தைப் படத்தில் பார்த்தாலே போதும்.

அத்தனை கொடிய வைரஸ் முர்ரேயில் முதலில் தோற்றது. ஊசி போட்ட முயல்கள் செத்தன, பக்கத்து வளைகளில் சில செத்தன, அத்தோடு அடங்கிவிட்டது. அதற்கு முன்பே லயனல் புல் என்ற கால்நடை விஞ்ஞானி தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் செய்த சோதனைகளும் இப்படித்தான் அணைந்திருந்தன. நவம்பரில் பலரும் கைவிடும் மனநிலைக்கு வந்துவிட்டார்கள். டிசம்பரில் திடீரென்று ஆற்றோரத்துப் பண்ணைகளிலிருந்து தகவல் வரத் தொடங்கியது: கண் மூடிய முயல்கள் பகலிலேயே தட்டுத் தடுமாறித் திரிகின்றன. சில வாரங்களில் முர்ரே, டார்லிங் ஆற்றுப் படுகைகள் முழுவதும் நோய் பரவியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் 60 கோடி 10 கோடியாகச் சுருங்கியதாகக் கணக்கிட்டார்கள்.

வைரஸ் மாறவில்லை. அந்தக் கோடையில் மழை அதிகம், ஆறுகள் கரை புரண்டன, கொசு பெருகியது. நோயை அத்தனை தொலைவு கொண்டுபோனது கொசு. இந்தக் கதை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. வைரஸின் வீரியம் ஒன்றே நோயின் கொடுமையைத் தீர்மானிப்பதில்லை. ஓர் உடலிலிருந்து அடுத்த உடலுக்கு அது எப்படிப் போகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய முயல் தன் வளையைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் வாழ்நாளைக் கழிக்கும் பிராணி. அதன் கால்களை நம்பியிருந்தால் மிக்சோமா பக்கத்து மேட்டைக்கூடத் தாண்டியிருக்காது.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்கிறது. மிக்சோமா அப்படி வளர்வதில்லை. நோயுற்ற முயலின் தோல் கட்டியில் குத்தும்போது கொசுவின் வாயில் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முயலைக் குத்தும்போது அங்கே இறங்குகிறது. கொசு இங்கே பறந்து திரியும் ஓர் அழுக்கு ஊசி, அவ்வளவுதான். தோலில் வைரஸ் நிறைய இருக்க வேண்டும், அந்தத் தோலோடு முயல் உயிரோடும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும் நாட்களில்தான் கொசுவுக்கு அதை எடுத்துச் செல்ல வாய்ப்பு.

இந்த வாய்ப்பை நாள் கணக்கில் அளந்தவர் ஃபிராங்க் ஃபென்னர். பின்னாளில் உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதாரப் பேரவையில் அறிவித்தவரும் இவர்தான். காட்டில் கிடைத்த மிக்சோமா மாதிரிகளை ஆய்வக முயல்களில் செலுத்தி, எத்தனை நாளில் சாகின்றன என்று பார்த்து, ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படி வைரஸ் 99 விழுக்காட்டுக்கு மேல் கொல்லும். அதுவும் 13 நாட்களுக்குள். ஐந்தாம் படியில் பாதிக்கும் மேற்பட்ட முயல்கள் பிழைத்துவிடும். அவிழ்த்துவிட்ட வைரஸ் முதல் படியைச் சேர்ந்தது. தொடக்கத்தில் தொற்றியவற்றில் 99.8 விழுக்காட்டைக் கொன்றது. சில ஆண்டுகளிலேயே காட்டில் மேலோங்கியிருந்தது மூன்றாம் படி. அது 70 முதல் 95 விழுக்காடு வரை கொல்லும், ஆனால் அதற்கு 17 முதல் 28 நாட்கள் எடுத்துக்கொள்ளும்.

காரணம் தெளிவானது. வேகமாகக் கொல்லும் வைரஸ் தன் முயலோடு தானும் மண்ணுக்குள் போகிறது, கொசுவுக்கு அது தரும் அவகாசம் குறைவு. மிக மென்மையான வைரஸைக் கொண்ட முயலின் தோல் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கொசுவின் வாயில் ஒட்டும் அளவுக்கு அங்கே வைரஸ் சேர்வதில்லை. நடுவில் இருப்பதுதான் அதிகம் கொசுக்களில் ஏறுகிறது. கிருமிகள் காலப்போக்கில் தாமாகவே சாதுவாகிவிடும், ஓம்புயிரைக் கொல்வது அவற்றுக்கே நஷ்டம் என்று பலர் எழுதுகிறார்கள். கொரோனா காலத்தில் இதை எத்தனை முறை கேட்டோம்! அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது மிக்சோமாதான். ஆனால் பத்தில் ஏழு முதல் ஒன்பது முயல்களைக் கொல்லும் வைரஸைச் சாது என்று சொல்ல முடியுமா? மிக்சோமா வந்து நின்ற இடத்தை முடிவு செய்தது கொசுவின் கணக்கு. அங்கே கருணைக்கு இடமில்லை.

முயல்களும் சும்மா இருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸின் யூரானா ஏரிப் பக்கத்தில் ஒவ்வொரு தொற்றலை ஓய்ந்த பின்பும், நோயே தீண்டாத இளம் முயல்களைப் பிடித்து, எப்போதும் ஒரே வகை வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். தொடக்கத்தில் அந்த வைரஸ் பத்துக்கு ஒன்பதைக் கொன்றது. ஏழு தொற்றலைகளுக்குப் பிறகு அதே வைரஸுக்குச் செத்தவை ஏறத்தாழ கால்பங்கு. பிழைத்தவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வேறு உடலோடு பிறந்துகொண்டிருந்தன. இயற்கைத் தேர்வு இத்தனை வேகமாக, இத்தனை பெரிய விலங்கில், அளவுகோலோடு ஒருவர் பக்கத்தில் நிற்கும்போதே நடந்த நிகழ்வுகள் அரிது.

இதற்கிடையே 1951 தொடக்கத்தில் அதே ஆற்றுப் பகுதியில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியது. முயல் நோய்தான் மனிதர்களுக்கு வந்துவிட்டது என்று மக்கள் அஞ்சினார்கள். ஃபென்னர், அவரது மூத்த சகாவான மேக்ஃபர்லேன் பர்னெட், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. தலைவர் இயன் க்ளூனிஸ் ராஸ் மூவரும் மிக்சோமா வைரஸைத் தங்களுக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. செய்தி நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் வேறொரு வைரஸ். அதையும் கொசுதான் கொண்டுவந்தது.

ஐரோப்பாவுக்கு நோய் போனது ஒரு தனி மனிதரின் கையால். பால் ஃபெலிக்ஸ் அர்மாண்ட்-டெலில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு மருத்துவர், நுண்ணுயிரியல் அறிந்தவர். மேபுவா என்ற ஊரில் மதில் சூழ்ந்த எஸ்டேட் வைத்திருந்தார். முயல்கள் தோட்டத்தைத் தின்றன. 1952 ஜூனில் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து வைரஸை வரவழைத்து இரண்டு முயல்களுக்கு ஏற்றிவிட்டார். மதிலுக்குள் அடங்கும் என்று நம்பினார். அக்டோபரில் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி நோயால் செத்த முயல் ஒன்று கிடைத்தது. 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டு முயல்களில் பத்தில் ஒன்பது இல்லை. அவருக்கு 1955இல் 5,000 ஃபிராங்க் அபராதம் விதித்தார்கள். அடுத்த ஆண்டே வனத்துறை சார்பில் பதக்கமும் கொடுத்தார்கள். விவசாயிக்கு முயல் பகை, வேட்டைக்காரருக்கு முயல் செல்வம். அந்த நாடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

பிரிட்டனில் 1953இல் கென்ட் பகுதியின் ஈடன்பிரிட்ஜ் அருகே நோய் தெரிந்தது. 1955க்குள் அங்கே 99 விழுக்காட்டுக்கு மேல் முயல்கள் மடிந்தன. நோயுற்ற முயலை வேண்டுமென்றே பரப்புவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்கியது. பிரிட்டனில் நோயைச் சுமந்தது பெரும்பாலும் கொசு இல்லை, முயல் தெள்ளுப்பூச்சி. கொசு கோடையில் வந்து போகும். தெள்ளு வளைக்குள்ளேயே குடியிருக்கும், குளிர்காலத்திலும் இருக்கும். ஆகவே அங்கே நோய்க்கு ஓய்வுக்காலம் கிடையாது.

அந்தத் தெள்ளின் வாழ்க்கையை மிரியம் ராத்ஸ்சைல்ட் 1960களில் ஆராய்ந்து சொன்னபோது விலங்கியல் உலகம் வியந்தது. முயல் தெள்ளின் முட்டைப்பை தானாக முதிர்வதில்லை. சினையான பெண்முயலின் ரத்தத்தைக் குடித்தால்தான், அதில் ஓடும் ஹார்மோன்களால் அது முதிர்கிறது. குட்டி பிறந்த சில மணி நேரத்தில் தெள்ளுகள் தாயின் காதிலிருந்து முகத்துக்கு இறங்கி, குட்டிகள் மேல் ஏறி, அங்கே உண்டு, இணைந்து, கூட்டில் முட்டையிடுகின்றன. முயலின் கர்ப்பகாலத்தைத் தன் நாட்காட்டியாக வைத்திருக்கும் பூச்சி அது. புது ரத்தம் பிறக்கிற இடத்துக்கு, பிறக்கிற நேரத்துக்கு நோயைச் சுமந்து செல்ல இதைவிடத் தோதான வாகனம் கிடைக்காது. ஆஸ்திரேலியா இதைக் கவனித்தது. கொசு குறைந்த பகுதிகளுக்காக 1968இல் ஐரோப்பிய முயல் தெள்ளை அவிழ்த்துவிட்டது. அதற்கும் ஒத்துவராத வறண்ட நிலங்களுக்காக 1993இல் ஸ்பெயின் நாட்டுத் தெள்ளையும் விட்டது.

முயல் போனதும் பிரிட்டனின் புல்மேடுகள் மாறின. மேய வாய் இல்லாததால் புல் உயர்ந்தது. அங்கே பெரிய நீலன் என்ற வண்ணத்துப்பூச்சி இருந்தது. அதன் புழு எறும்புப் புற்றுக்குள் போய், எறும்பின் குஞ்சுகளைத் தின்று வளரும். ஆனால் எந்த எறும்பும் ஆகாது. குறிப்பாக ஒரு சிவப்பு எறும்பு இனம் வேண்டும். அந்த எறும்புக்கு வெயில் தரையில் படும்படி ஒட்ட மேய்ந்த புல் வேண்டும். புல் உயர்ந்தபோது மண் குளிர்ந்தது, எறும்பு விலகியது. 1979இல் பிரிட்டனில் பெரிய நீலன் அற்றுப்போனது. ஜெரமி தாமஸ் இந்தச் சங்கிலியின் கண்ணிகளைக் கண்டுபிடித்துச் சேர்த்து முடித்தபோது ஏறக்குறைய எல்லாம் கடந்திருந்தது. பின்னர் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து, புல்லை மேய்த்துக் குட்டையாக வைத்து, 1983 முதல் மீண்டும் குடியேற்றினார்கள். அது பிழைத்துக்கொண்டது. ஒரு முயலின் வாய் செய்யும் வேலை எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்பதை அந்த வாய் நின்றுபோன பிறகுதான் அறிகிறோம்.

மூன்று நாடுகளிலும் பிழைத்த முயல்கள் எப்படிப் பிழைத்தன? 2019இல் இதற்குத் தெளிவான விடை வந்தது. நோய்க்கு முன்னால் வாழ்ந்த முயல்களின் எலும்பும் தோலும் அருங்காட்சியகங்களில் இருந்தன. சார்லஸ் டார்வின் வைத்திருந்த ஒரு முயலும் அவற்றில் அடக்கம். அவற்றின் மரபணுக்களை இன்றைய முயல்களோடு ஒப்பிட்டார்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றிலும் பெரும்பாலும் அதே மரபணு வேறுபாடுகள் பெருகியிருந்தன. ஒரே ஒரு மாயச் சாவி அங்கே இல்லை. இன்டர்ஃபெரான் போன்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் தொடர்பான பல மரபணுக்களில் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து வேலை செய்தன. அந்த வேறுபாடுகள் புதிதாக முளைத்தவையும் இல்லை. ஐரோப்பிய முயல்களின் ரத்தத்தில் முன்பே ஆங்காங்கே இருந்தவை, அதுவரை பெரிதாகப் பயன்படாதவை, நோய் வந்ததும் உயிர் காத்தன. குறைந்த எண்ணிக்கையில் சுருங்கிப்போன எந்த உயிரினத்தைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டியது இதனால்தான்: தேவை வரும் நாளுக்கென்று கிடக்கும் இந்தச் சில்லறை வேறுபாடுகள்தான் முதலில் தொலைகின்றன.

வைரஸ் விட்டுக்கொடுத்ததா என்றால் இல்லை. முயலின் எதிர்ப்பு கூடக்கூட, தோலில் தங்கியிருக்க வைரஸுக்கு இன்னும் வீரியம் தேவைப்பட்டது. 1990களில் ஆஸ்திரேலியாவில் எடுத்த சில மாதிரிகளை, எதிர்ப்பாற்றல் இல்லாத ஆய்வக முயல்களில் செலுத்தியபோது, அவை நோயெதிர்ப்பு அமைப்பையே முடக்கிப்போட்டன. வீக்கம் முழுதாக வருவதற்கு முன்பே முயல் சரிந்து செத்தது.

1984இல் இன்னொன்று வந்தது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து வரவழைத்த அங்கோரா முயல்களிடம் முதலில் தெரிந்த ரத்தக்கசிவு நோய். ஓராண்டுக்குள் சீனாவில் 14 கோடி வளர்ப்பு முயல்கள் செத்ததாகச் சொல்கிறார்கள். கல்லீரலைச் சிதைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். இத்தனை விரைவாகக் கொன்றும் இது ஏன் அணைவதில்லை? இதன் வழி வேறு. இந்த வைரஸ் செத்த முயலின் உடலிலும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். பிணத்தில் உட்காரும் ஈ அதைச் சுமந்து போய்ப் புல்லில் கழிக்கும். புல்லைத் தின்னும் முயலுக்குத் தொற்றும். மிக்சோமாவுக்கு உயிருள்ள முயல் வேண்டும், இதற்குச் செத்த முயலும் போதும். ஆகவே சீக்கிரம் கொல்வது இதற்கு நஷ்டமே இல்லை. முன்னே சொன்ன கணக்கை இதைவிடத் தெளிவாக நிரூபிக்கும் சான்று கிடையாது.

ஈயின் வலிமையை ஆஸ்திரேலியா 1995இல் கண்டது. கரையிலிருந்து விலகிய வார்டாங் தீவில் இந்த வைரஸை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் அது பெருநிலத்தில் இருந்தது. கடல் கடந்தது ஈக்களால் என்பதே வலுவான கருத்து. நியூசிலாந்து அரசு 1997இல் இந்த வைரஸை அனுமதிக்க மறுத்தது. சில வாரங்களில் விவசாயிகள் அதைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, செத்த முயலின் ஈரலை வீட்டு மிக்சியில் அரைத்துத் தீவனத்தில் கலந்து தூவினார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்த மிக்சியை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் கூசுகிறது.

இதுவரை பேசியது வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலைப் பற்றி. நம் புதர்க்காடுகளிலும் கடலைக் கொல்லைகளிலும் ஓடும் காட்டு முயல் அதற்குத் தூரத்து உறவு மட்டுமே. பிடரியில் கறுப்புத் திட்டுள்ள நம் முயல் வளை தோண்டாது. புல்லில் ஒரு பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும், ஆபத்தென்றால் நீண்ட கால்களால் பாய்ந்தோடும். அதன் குட்டி கண் திறந்து, உடல் முழுக்க மயிரோடு பிறக்கும். வளை முயலின் குட்டியோ கண் மூடி, மயிரின்றி, தெள்ளு நிறைந்த கூட்டில் பிறக்கும். ஐரோப்பாவின் வெளிமுயல்களும் நம்முடையதைப் போன்றவையே. ஒரே மேய்ச்சல் வெளியில் வளை முயலும் வெளிமுயலும் இருந்தும், மிக்சோமா அறுபது ஆண்டுகளுக்கு மேல் வெளிமுயல்களை அபூர்வமாகத்தான் தொட்டது.

2018 கோடையில் ஸ்பெயினின் அந்தலூசியாவில் ஐபீரிய வெளிமுயல்கள் கண் வீங்கிச் சாகத் தொடங்கின. வைரஸைப் பிரித்துப் பார்த்தபோது அதில் வேறோர் அம்மைக் குடும்ப வைரஸிலிருந்து வந்த சுமார் 2,800 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டு ஒட்டியிருந்தது. இரண்டு வைரஸ்கள் எங்கோ ஓர் உடலில் சந்தித்திருக்கின்றன. 2024இல் ஜெர்மனியின் வடமேற்கில் பழுப்பு வெளிமுயல்களும் இந்நோயால் மடிந்தன. ரத்தக்கசிவு நோயின் கதையும் இப்படியே. 2010இல் பிரான்சில் அதன் இரண்டாம் வகை தோன்றியது. பழைய வகை இரண்டு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை விட்டுவைத்தது. புதியது குட்டிகளையும் கொன்றது, வெளிமுயல்களையும் கொன்றது. 2020இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நுழைந்து அங்குள்ள காட்டினங்களுக்கும் பரவியது. கலிஃபோர்னியாவில் ஆற்றோரப் புதர்களில் எஞ்சியிருக்கும் அருகிய முயலினம் ஒன்றைக் காக்க, அவற்றைக் கூண்டில் பிடித்து ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி போட்டு விடுகிறார்கள்.

ஸ்பெயின்தான் ஐரோப்பிய முயலின் தாயகம். அங்கே அது பூச்சியைப் போல ஒழிக்க வேண்டிய தொல்லை இல்லை. காட்டின் உணவுக் களஞ்சியம். ஐபீரிய லிங்ஸ் என்ற காட்டுப்பூனை பெரும்பாலும் முயலையே தின்று வாழ்கிறது, நாளொன்றுக்கு ஒன்று வேண்டும். மிக்சோமா, பின்னர் 1988 முதல் ரத்தக்கசிவு நோய், கூடவே அழிந்த புதர்க்காடு எல்லாம் சேர்ந்து முயலைக் குறைத்தன. 2002இல் உலகிலேயே 94 லிங்ஸ்கள்தான் எஞ்சின. கூண்டில் வளர்த்து விடுவது, புதிய இடங்களில் குடியேற்றுவது என்ற நீண்ட உழைப்பால் 2023இல் அவை 2,000ஐத் தாண்டின. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை ஆபத்தின் ஒரு படி கீழே இறக்கியது. அதன் இரையான முயலோ தாயகத்தில் அருகிய இனமாக அதே சங்கத்தின் பட்டியலில் ஏறியிருக்கிறது.

விந்தை என்னவென்றால், அதே ஸ்பெயினில் நெடுஞ்சாலை, ரயில்பாதைக் கரைகளில் முயல் பெருகிப் பக்கத்து வயல்களை அழிக்கிறது. மென்மையான மண் கரை வளை தோண்டத் தோதானது, வேட்டை விலங்கு அங்கே குறைவு. விவசாயிகள் முறையிடுகிறார்கள். அங்கே பிடித்து லிங்ஸ் வாழும் மலைகளுக்கு வண்டியில் ஏற்றிப் போவது பல ஆண்டுகளாக நடக்கிறது. காகிதத்தில் அழகான தீர்வு. ஆனால் இடம்பெயர்த்த முயல்களில் பெரும்பகுதி முதல் பத்து நாட்களுக்குள் சாகிறது. வழி தெரியாது, வளை கிடையாது, நரி காத்திருக்கும். அத்தோடு ஓரிடத்து வைரஸை இன்னோரிடத்துக்கு ஏற்றிச் செல்லும் வாகனமாகவும் அந்த வண்டி ஆகக்கூடும். ஆகவே விடும் இடத்தில் முன்கூட்டியே செயற்கை வளைகள் கட்டி, வேலியிட்டு, சில காலம் உள்ளேயே வைத்துப் பழக்கிப் பிறகு திறந்துவிடும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. செலவு பிடிக்கும், மெதுவாக நடக்கும் வேலை. லிங்ஸுக்கு இரை வேண்டுமென்றால், முயலை எண்ணிக்கையாக ஏற்றி இறக்குவதை விட்டுவிட்டு, அது தானே வளை தோண்டி நிற்கும் புதர் நிலத்தை மீட்பதற்கு அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.